விமானி அறைக் கருவிகள்

விமானி அறைக் கருவிகள் என்பவை, வானூர்தி ஒன்றின் வேகம், உயரம், சாய்வு, திசை, இருப்பிடம் ஆகியவற்றை விமானிக்குக் காட்டும் கருவிகள் ஆகும். இவற்றுள் வானூர்தி எவ்வாறு பறந்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டுபவை பறத்தற் கருவிகள் எனவும், அது எங்கே இருக்கிறது, எத்திசையில் செல்லவேண்டும் என்பதைக் காட்டுபவை வழிகாட்டுக் கருவிகள் எனவும் அழைக்கப்படுகின்றன. எந்திரத்தின் சுழற்சி, எரிபொருள் அளவு, எண்ணெய் அழுத்தம் போன்றவற்றைக் காட்டும் எந்திரக் கருவிகள் தனி வகையைச் சேர்ந்தவை.

தெளிவான பகற்பொழுதில் விமானி அடிவானத்தையும் நிலத்தையும் பார்த்தே வானூர்தியைச் செலுத்த இயலும். மேகத்தினுள்ளும், நிலவற்ற இரவில் கடலின் மேலும் அவருக்குக் கருவிகள் மட்டுமே துணையாகின்றன. ஆனால் எக்கருவியும் தான் காட்டும் அளவை நேரடியாக அறிவதில்லை. உயரமானி உயரத்தை அளப்பதில்லை. காற்றழுத்தத்தை அளந்து அதை உயரமாகக் காட்டுகிறது. எனவே ஒரு கருவியை எப்போது நம்பலாம், அது எப்போது பிழையாகக் காட்டும் என்பதை அறிய, அது உண்மையில் எதை அளக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது இன்றியமையாதது.

கொங்குப் பகுதியின் நிலவமைப்பு

கருவிகளின் பயனை விளக்கத் தமிழ்நாட்டின் கொங்குப் பகுதி நல்லதோர் எடுத்துக்காட்டு ஆகும். திருப்பூர் மாவட்டத்தில் உள்ள உடுமலைப்பேட்டை சமவெளியில் அமைந்த ஊர். அதன் தெற்கே ஆனைமலையும் பழனி மலையும் எழுகின்றன. ஆனைமலைத் தொடரின் தெற்கில், கேரள எல்லைக்குள் உள்ள ஆனைமுடி 2,695 மீட்டர், அதாவது ஏறத்தாழ 8,842 அடி உயரம் கொண்டது. வடமேற்கே நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. இவ்விரு மலைத்தொகுதிகளுக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று இக்கணவாய் வழியாக விசையுடன் வீசுகிறது. உடுமலைப்பேட்டையைச் சுற்றிலும் காற்றாலைகள் பெருகியதற்கு இதுவே காரணம்.

இப்பகுதியில் பயணிகள் போக்குவரத்துக்குக் கோவை பீளமேட்டில் உள்ள பன்னாட்டு விமான நிலையமும், படைத்துறைக்குச் சூலூர் விமானப்படைத் தளமும் உள்ளன. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அமராவதிநகரில் 1962 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சைனிக் பள்ளி, மாணவர்களைப் படைத்துறைப் பணிகளுக்கு ஆயத்தப்படுத்துகிறது. சமவெளியும், உயர்ந்த மலைகளும், விரைவாக மாறும் மேகமும் அருகருகே இருக்கும் இத்தகைய இடத்தில் வேகம், உயரம், திசை ஆகிய மூன்றிலும் ஏற்படும் சிறு பிழைகூடப் பெரும் விளைவை உண்டாக்கும்.

கருவிகளின் தேவை

மனித உடலுக்குச் சமநிலை உணர்வைத் தருவது உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்கள் ஆகும். இவற்றினுள் இருக்கும் நீர்மத்தின் அசைவு, தலை திரும்புவதை மூளைக்கு உணர்த்துகிறது. ஆயினும் ஒரே சீரான வேகத்தில் திருப்பம் தொடர்ந்தால், ஏறத்தாழ 10 முதல் 20 நொடிகளில் நீர்மமும் குழலுடன் சேர்ந்து சுழலத் தொடங்குகிறது. அதன்பின் திரும்பிக்கொண்டிருப்பதாகவே உணர்வு ஏற்படுவதில்லை. திருப்பத்தை நிறுத்தும்போது எதிர்ப்பக்கம் திரும்புவது போன்ற பொய்யுணர்வு தோன்றுகிறது. சிறுவர்கள் தட்டாமாலை சுற்றி நின்றபின் உலகம் சுற்றுவதாக உணர்வதும் இதனாலேயே.

நிலத்தில் நிற்கும் சிறுவனுக்குச் சில நொடிகளில் கண் உண்மையைச் சொல்லிவிடுகிறது. மேகத்தினுள் இருக்கும் விமானிக்குக் கண் உதவுவதில்லை. நேராகப் பறக்கும் வானூர்தி சாய்ந்திருப்பதாக அவர் உணரலாம். அதைத் 'திருத்த' முற்பட்டு உண்மையாகவே சாய்த்துவிடலாம். இந்நிலை இடவுணர்வு மயக்கம் எனப்படுகின்றது. 1954 ஆம் ஆண்டு அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றில், கருவிப் பறத்தல் பயிற்சி இல்லாத 20 விமானிகள் மேகத்தினுள் பறப்பதை ஒத்த சூழலுக்கு உட்படுத்தப்பட்டனர். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அவர்கள் தாக்குப்பிடித்த சராசரி நேரம் 178 நொடிகள்.

வரலாறு

தொடக்ககால விமானிகள் காற்றின் ஓசை, இருக்கையில் உணரும் அழுத்தம், கண்ணில் படும் அடிவானம் ஆகியவற்றைக் கொண்டே பறந்தனர். 1920களின் இறுதியில் நிலைமை மாறியது. பவுல் கோல்ஸ்மன் நுண்ணிய அளவு காட்டும் உயரமானியை உருவாக்கினார். ஸ்பெரி நிறுவனத்தார் சுழலும் சக்கரத்தைக் கொண்டு இயங்கும் செயற்கை அடிவானத்தையும் திசைக் கருவியையும் ஆக்கினர். 1929 ஆம் ஆண்டு செப்டம்பர் 24 அன்று ஜிம்மி டூலிட்டில் என்னும் அமெரிக்க விமானி, நியூயார்க் அருகே மிட்செல் களத்தில், வெளியே எதுவும் தெரியாதபடி மூடப்பட்ட இருக்கையில் அமர்ந்து, கருவிகளை மட்டுமே பார்த்துப் புறப்பட்டு, சுற்றிவந்து, தரையிறங்கினார். பாதுகாப்புக்காக மற்றொரு விமானி உடன் சென்றிருந்தும் அவர் தலையிடத் தேவை ஏற்படவில்லை.

1930களின் பிற்பகுதியில் பிரித்தானிய விமானப்படை ஆறு அடிப்படைக் கருவிகளை ஒரே ஒழுங்கில் அமைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. பின்னர் இவ்வொழுங்கு, ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் சீரமைக்கப்பட்டது. இதன்படி நடுவில் செயற்கை அடிவானம், அதன் இடப்பக்கம் காற்றுவேகமானி, வலப்பக்கம் உயரமானி, கீழே முகத்திசைகாட்டி ஆகியன அமையும். மீதமுள்ள இரு மூலைகளில் திருப்பங்காட்டியும் ஏறிறங்குவீதமானியும் இடம்பெறும். திரைகளைக் கொண்ட இன்றைய வானூர்திகளிலும் இந்த ஒழுங்கே பின்பற்றப்படுகிறது.

காற்றழுத்தக் கருவிகள்

மூன்று கருவிகள் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டு இயங்குகின்றன. இவற்றுக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. பறக்கும் திசையை நோக்கித் திறந்திருக்கும் பிட்டோ குழாய், எதிர்வரும் காற்று மோதும் முழு அழுத்தத்தைப் பெறுகிறது. வானூர்தி உடலின் பக்கவாட்டில் உள்ள நிலையழுத்தத் துளை, சூழ்ந்துள்ள காற்றின் இயல்பான அழுத்தத்தைப் பெறுகிறது.

காற்றுவேகமானி

இக்கருவி பிட்டோ அழுத்தத்துக்கும் நிலையழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை வேகமாகக் காட்டுகிறது. சிறு வானூர்திகளில் இதன் முகப்பில் வண்ண வளைவுகள் இருக்கும். வெள்ளை வளைவு இறக்கை மடல்களை இறக்கிப் பறக்கக்கூடிய வேகத்தையும், பச்சை இயல்பான வேகத்தையும், மஞ்சள் அமைதியான காற்றில் மட்டும் செல்லத்தக்க வேகத்தையும், சிவப்புக் கோடு ஒருபோதும் மீறக்கூடாத வேகத்தையும் குறிக்கின்றன.

உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், கருவி காட்டும் வேகம் உண்மையான வேகத்தைவிடக் குறைவாக இருக்கும். 10,000 அடி உயரத்தில் கருவி 200 நாட் காட்டினால், காற்றின் ஊடே வானூர்தியின் உண்மை வேகம் ஏறத்தாழ 233 நாட் ஆகும். எனினும் விமானிக்கு இது குறையன்று. இறக்கையின் தூக்குவிசையும் அதே காற்றழுத்தத்தைப் பொறுத்தே அமைவதால், வானூர்தி தூக்குவிசையை இழக்கும் வேகம் எல்லா உயரத்திலும் முகப்பில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கிறது.

உயரமானி

உயரமானி என்பது திரவமில்லாப் பாரமானியே ஆகும். காற்று நீக்கி மூடப்பட்ட மெல்லிய உலோகப் பேழைகள், வெளியழுத்தம் குறையும்போது விரிந்து முட்களை நகர்த்துகின்றன. கடல்மட்டத்தை ஒட்டிய உயரங்களில் 1 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மாற்றம் ஏறத்தாழ 28 அடி உயரத்துக்குச் சமம்.

காற்றழுத்தம் நாளுக்கு நாள் மாறுவதால், அன்றைய கடல்மட்ட அழுத்தத்தைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் கேட்டு, முகப்பில் உள்ள சிறு சாளரத்தில் விமானி பொருத்தவேண்டும். கோவை விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1,324 அடி உயரத்தில் உள்ளது. அழுத்தம் சரியாகப் பொருத்தப்பட்டிருந்தால், ஓடுதளத்தில் நிற்கும் வானூர்தியின் உயரமானி ஏறத்தாழ அந்த எண்ணையே காட்டும். உண்மை அழுத்தம் 1003 ஆக இருக்கையில் சாளரத்தில் 1013 என விட்டுவிட்டால், வானூர்தி இருக்கும் உயரத்தைவிட ஏறத்தாழ 280 அடி கூடுதலாகக் காட்டும். பிழை தோன்றும் பக்கமே இதன் ஆபத்து: விமானி தாம் உயரத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டு தாழப் பறந்துகொண்டிருப்பார்.

குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எல்லா வானூர்திகளும் 1013.25 என்ற ஒரே செந்தர அழுத்தத்தைப் பொருத்திக்கொள்கின்றன. அங்கு நிலத்திலிருந்து உள்ள உயரத்தைவிட ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளியே முதன்மையானது. கருவிகள் யாவும் ஒரே அளவுகோலைப் பின்பற்றினால் அந்த இடைவெளி காக்கப்படும்.

உயரமானி காட்டுவது கடல்மட்டத்துக்கு மேலான உயரம். கீழே உள்ள நிலத்துக்கு மேலான உயரம் அன்று. 8,000 அடியில் உடுமலைப்பேட்டைக்கு மேல் பறக்கும் வானூர்திக்குக் கீழே போதிய இடைவெளி உண்டு. அதே 8,000 அடியில் தெற்கே தொடர்ந்து சென்றால், ஆனைமுடியின் உச்சி அதைவிட 800 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும். கருவியின் முள் இரண்டு இடங்களிலும் ஒன்றையே காட்டும். நிலத்திலிருந்து உள்ள உயரத்தை அறியப் பெரிய வானூர்திகளில் வானொலி உயரமானி உள்ளது. இது கீழ்நோக்கி வானொலி அலைகளை அனுப்பி, அவை எதிரொலித்துத் திரும்புவதைக் கொண்டு இடைவெளியைக் கணிக்கிறது. பொதுவாக 2,500 அடிக்குக் கீழ் பயன்படுகிறது.

ஏறிறங்குவீதமானி

வானூர்தி நிமிடத்துக்கு எத்தனை அடி ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பதை இது காட்டுகிறது. கருவியினுள் உள்ள காற்று ஒரு நுண்துளை வழியாக மெல்லக் கசியும்போது ஏற்படும் அழுத்த வேறுபாடே இதன் அடிப்படை. கசிவு மெதுவாக நிகழ்வதால் முள் சரியான அளவை அடையச் சில நொடிகள் ஆகும். எனவே பழைய வகைக் கருவியின் முள்ளை உடனுக்குடன் துரத்திச் செல்வது தவறான பழக்கமாகக் கருதப்படுகிறது.

சுழற்சிக் கருவிகள்

விரைந்து சுழலும் பம்பரம் தன் அச்சு நிற்கும் திசையை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஜைரோஸ்கோப் என்னும் கருவி இப்பண்பைப் பயன்படுத்துகிறது. வானூர்தி எப்படிச் சாய்ந்தாலும் உள்ளே சுழலும் சக்கரம் தன் நிலையை மாற்றாமல் இருக்க, அதைச் சுற்றியே வானூர்தி திரும்புகிறது. அவ்வேறுபாடு முகப்பில் காட்டப்படுகிறது.

செயற்கை அடிவானம்: இது நீல நிற வானத்தையும் பழுப்பு நிற நிலத்தையும் பிரிக்கும் கோட்டைக் கொண்டது. மூக்கு மேலே அல்லது கீழே நிற்கும் அளவையும், இறக்கை சாய்ந்திருக்கும் அளவையும் ஒருங்கே காட்டுகிறது. மேகத்தினுள் உண்மை அடிவானத்துக்கு மாற்றாக அமைவது இதுவே.

முகத்திசைகாட்டி: வானூர்தியின் மூக்கு நோக்கும் திசையை 0 முதல் 360 பாகை வரை காட்டுகிறது. உராய்வினாலும் புவியின் சுழற்சியினாலும் இது மெல்ல விலகிச் செல்லும். ஆதலால் சிறு வானூர்திகளில் ஏறத்தாழ 15 நிமிடங்களுக்கு ஒருமுறை காந்தத் திசைகாட்டியுடன் ஒப்பிட்டுச் சரிசெய்யவேண்டும்.

திருப்பங்காட்டி: திரும்பும் வீதத்தைக் காட்டுகிறது. நொடிக்கு 3 பாகை என்பது செந்தர வீதம். இவ்வீதத்தில் முழுச் சுற்றுக்கு 2 நிமிடங்கள் ஆகும். இதன் கீழே நீர்மம் நிரம்பிய வளைந்த குழாயில் உள்ள சிறு உருண்டை, வானூர்தி பக்கவாட்டில் வழுக்குகிறதா என்பதைக் காட்டும்.

புதிய வானூர்திகளில் சுழலும் சக்கரத்துக்கு மாற்றாக, நகரும் பாகமற்ற லேசர் ஜைரோஸ்கோப்புகளும் நுண்மின்னணு உணரிகளும் பயன்படுகின்றன.

காந்தத் திசைகாட்டி

இது மிகப் பழைய கருவியும், மின்சாரம் இன்றி இயங்குவதுமாகும். முழு மின்தடை ஏற்பட்டாலும் செயல்படும் என்பதால் இன்றைய பெரிய வானூர்திகளிலும் தவறாமல் வைக்கப்படுகிறது. புவியின் காந்தப்புலக் கோடுகள் துருவங்களை நெருங்கும்போது நிலத்தை நோக்கிச் சரிவதால், அப்பகுதிகளில் திரும்பும்போதும் வேகத்தை மாற்றும்போதும் ஊசி பிழையாக அசையும். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், தமிழ்நாட்டில் இச்சரிவு மிகக் குறைவு. இப்பிழைகளும் ஐரோப்பாவில் உள்ளதைவிட இங்கு மிகச் சிறியவை.

ஓடுதளங்களின் எண்களும் காந்தத் திசையிலிருந்தே பெறப்படுகின்றன. கோவை ஓடுதளத்தின் எண்கள் 05, 23 ஆகும். அதாவது ஒரு முனையிலிருந்து நோக்கினால் ஏறத்தாழ 50 பாகை. மறுமுனையிலிருந்து 230 பாகை. புறப்படுமுன் ஓடுதளத்தின் நடுக்கோட்டில் நின்று முகத்திசைகாட்டி இவ்வெண்ணுடன் ஒத்துள்ளதா எனப் பார்ப்பது விமானிகளின் வழக்கம்.

வழிகாட்டுக் கருவிகள்

காற்றும் விலகலும்

முகத்திசையும் செல்தடமும் ஒன்றல்ல. மூக்கு நோக்கும் திசை முகத்திசை; நிலத்தின் மேல் வானூர்தி வரையும் கோடு செல்தடம். உடுமலைப்பேட்டைக்கு மேல் 120 நாட் வேகத்தில் நேர் வடக்கே நோக்கி ஒரு சிறு வானூர்தி பறப்பதாகவும், மேற்கிலிருந்து 30 நாட் காற்று வீசுவதாகவும் கொள்வோம். மூக்கை வடக்கே வைத்துக்கொண்டே சென்றால், அரை மணிநேரத்தில் அது 15 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 28 கிலோமீட்டர் கிழக்கே தள்ளப்பட்டிருக்கும். நேர் வடக்கே செல்லவேண்டுமாயின் மூக்கை ஏறத்தாழ 14.5 பாகை மேற்கே திருப்பவேண்டும். அப்போது நிலத்தின் மேல் அதன் வேகம் ஏறத்தாழ 116 நாட் ஆகும். ஆற்றின் குறுக்கே செல்லும் பரிசல், எதிர்க்கரையில் சேரவேண்டிய இடத்துக்குச் சற்று மேலே நோக்கிச் செலுத்தப்படுவதும் இதே கணக்கின்படியே.

வானொலி வழிகாட்டிகள்

வி.ஓ.ஆர் எனப்படும் நிலையம் இரண்டு சைகைகளை அனுப்புகிறது. ஒன்று எல்லாத் திசைகளிலும் ஒரே கட்டத்தில் இருக்கும். மற்றொன்றின் கட்டம் திசைக்கேற்ப மாறும். இவ்விரண்டின் வேறுபாட்டைக் கொண்டு, தாம் நிலையத்திலிருந்து எத்தனையாவது பாகையில் இருக்கிறோம் என்பதை விமானி அறிகிறார். டி.எம்.ஈ என்னும் கருவி வினாச் சைகையை அனுப்பி, விடை வர ஆகும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணிக்கிறது. இது காட்டுவது சாய்வுத் தொலைவு ஆகும். நிலையத்துக்கு நேர் மேலே ஏறத்தாழ 6,000 அடியில் பறக்கும்போது தொலைவு சுழியம் எனக் காட்டாமல் 1 கடல்மைல் எனக் காட்டும்.

கருவித் தரையிறக்க முறை

ஐ.எல்.எஸ் எனப்படும் இம்முறையில் ஓடுதளத்தின் அருகிலிருந்து இரண்டு வானொலிக் கற்றைகள் அனுப்பப்படுகின்றன. ஒன்று இட வலமாகவும், மற்றொன்று மேல் கீழாகவும் சரியான பாதையைக் குறிக்கின்றது. இறங்குபாதை பொதுவாக 3 பாகைச் சரிவு கொண்டது. இச்சரிவில் ஒரு கடல்மைலுக்கு ஏறத்தாழ 318 அடி இறங்கவேண்டும். ஆகவே ஓடுதளத்துக்கு 5 கடல்மைல் முன்னால் வானூர்தி ஓடுதளத்துக்கு மேல் ஏறத்தாழ 1,600 அடியில் இருக்கவேண்டும். கோவையில் இது உயரமானியில் ஏறத்தாழ 2,900 அடியாகத் தெரியும். இந்த எண் பொருந்தாவிட்டால் உயரமானியின் அழுத்தம் தவறாகப் பொருத்தப்பட்டிருக்கலாம், அல்லது கற்றை தவறாகப் பெறப்பட்டிருக்கலாம். ஒரு கருவியை மற்றொன்றால் சோதிப்பது இவ்வாறே நிகழ்கிறது.

செயற்கைக்கோள் வழிகாட்டல்

ஜி.பி.எஸ் முதலிய செயற்கைக்கோள் அமைப்புகள் இருப்பிடத்தை நேரடியாகத் தருகின்றன. ஆயினும் தரையிறங்குவதற்குத் தேவையான துல்லியமும், பிழை ஏற்பட்டால் உடனே எச்சரிக்கும் திறனும் அவற்றுக்குத் தனியே இல்லை. இக்குறையை நீக்க இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் இணைந்து 'ககன்' என்னும் துணையமைப்பை உருவாக்கின. இது நிலத்தில் உள்ள நிலையங்களில் பிழையை அளந்து, திருத்தத்தைச் செயற்கைக்கோள் வழியே வானூர்திகளுக்கு அனுப்புகிறது. 2013 டிசம்பரில் வழிப்பறத்தலுக்கும், 2015 ஏப்ரலில் செங்குத்து வழிகாட்டலுடன் கூடிய அணுகலுக்கும் சான்று பெற்றது. 2022 ஏப்ரலில் இராஜஸ்தானின் கிஷன்கட் விமான நிலையத்தில் இண்டிகோ நிறுவனத்தின் வானூர்தி இதன் துணையுடன் தரையிறங்கியது.

எச்சரிக்கைக் கருவிகள்

1996 ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவூதி அரேபிய வானூர்தி ஒன்றும் கசகஸ்தான் வானூர்தி ஒன்றும் நடுவானில் மோதிக்கொண்டதில் 349 பேர் இறந்தனர். 14,000 அடியில் இருந்த சவூதி வானூர்தியின் பாதையில், 15,000 அடியில் நிற்கவேண்டிய கசகஸ்தான் வானூர்தி கீழிறங்கியிருந்தது. இதன்பின், அருகில் வரும் வானூர்தியைக் கண்டறிந்து 'ஏறு' அல்லது 'இறங்கு' எனக் குரலால் கட்டளையிடும் மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது. நில நெருக்க எச்சரிக்கைக் கருவி, வானொலி உயரமானியையும் நிலவடிவத் தரவையும் கொண்டு, மலையை நோக்கிச் செல்லும் விமானியை எச்சரிக்கிறது.

கண்ணாடி விமானி அறை

1980கள் முதல் முள் கருவிகளுக்கு மாற்றாகத் திரைகள் இடம்பெறத் தொடங்கின. 1988 இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320 இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. முதன்மைப் பறத்தல் திரை வேகம், சாய்வு, உயரம், முகத்திசை ஆகியவற்றை ஒன்றாகக் காட்டுகிறது. வழிகாட்டுத் திரை பாதையையும் வானிலையையும் காட்டுகிறது. சூலூர் தளத்துக்கு 2018 இல் வந்த தேஜாஸ் போர் வானூர்திகளிலும் திரைகளே உள்ளன. அத்துடன் விமானி தலையைக் குனியாமல், முன்னே உள்ள கண்ணாடியிலேயே அளவுகளைக் காணும் வசதியும் உண்டு. இவ்வகை வானூர்திகளிலும் தனி மின்னூட்டத்தில் இயங்கும் மாற்றுச் செயற்கை அடிவானம் ஒன்று வைக்கப்படுகிறது.

கருவிகளைப் படிக்கும் முறை

விமானி ஒரே கருவியை உற்று நோக்கிக்கொண்டிருப்பதில்லை. பார்வை செயற்கை அடிவானத்தில் தொடங்கி, ஏதேனும் ஒரு கருவிக்குச் சென்று, மீண்டும் நடுவுக்கே திரும்புகிறது. ஒவ்வொரு தகவலும் வேறு வழியில் இயங்கும் மற்றொரு கருவியால் உறுதிசெய்யப்படவேண்டும். செயற்கை அடிவானம் வலப்பக்கச் சாய்வைக் காட்டினால், முகத்திசைகாட்டியின் எண்கள் கூடிக்கொண்டிருக்கவேண்டும். திருப்பங்காட்டியும் வலப்பக்கம் சாய்ந்திருக்கவேண்டும். அவை இரண்டும் அசையாமல் இருந்தால் பிழை செயற்கை அடிவானத்தில் உள்ளது.

காற்றழுத்தக் கருவிகளின் பிழைகளுக்கும் தெளிவான அடையாளங்கள் உண்டு:

- நிலையழுத்தத் துளை அடைபட்டால் உயரமானி ஒரே எண்ணில் நிற்கும். ஏறிறங்குவீதமானி சுழியத்தில் நிற்கும். ஏறும்போது காற்றுவேகமானி குறைவாகக் காட்டும்.
- பிட்டோ குழாயும் அதன் நீர்வடிதுளையும் அடைபட்டால், உயரம் கூடும்போது வேகம் கூடுவதாகப் பொய்யாகக் காட்டும்.
- பிட்டோ குழாயின் முன்வாய் மட்டும் அடைபட்டால் வேகம் சுழியத்துக்கு இறங்கும்.

விபத்துகள்

ஏர் இந்தியா 855

1978 ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்னும் போயிங் 747 வானூர்தி, இரண்டு நிமிடங்களுக்குள் அரபிக்கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 213 பேரும் இறந்தனர். வலப்பக்கத் திருப்பத்துக்குப் பின் வானூர்தி சமநிலைக்குத் திரும்பிய போதும், தலைமை விமானியின் செயற்கை அடிவானம் வலப்பக்கச் சாய்வையே காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி அவர் இடப்பக்கம் சாய்த்தார். இருண்ட கடலின் மேல் கண்ணுக்கு அடிவானம் இல்லை. துணை விமானிக்குத் தனிக் கருவியும், மூன்றாவதாக மாற்றுக் கருவியும் அந்த அறையில் இருந்தன. கருவிகள் முரண்படும்போது எது உண்மை என முடிவு செய்வதற்குள் வானூர்தி மீளமுடியாத அளவு சாய்ந்துவிட்டது.

பிட்டோ குழாய் விபத்துகள்

1996 பெப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசிலிருந்து புறப்பட்ட பிர்கன்ஏர் 301 விபத்துக்குள்ளாகி 189 பேர் இறந்தனர். பல நாட்கள் மூடப்படாமல் நின்ற வானூர்தியின் பிட்டோ குழாயில் குளவி கூடு கட்டியிருக்கக்கூடும் என விசாரணையில் கருதப்பட்டது. நிறுத்தி வைக்கப்பட்ட வானூர்திகளின் பிட்டோ குழாய்களுக்குச் சிவப்புப் பட்டியுடன் உறை இடுவது இதற்காகவே. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலின் மேல் ஏர் பிரான்சு 447 வானூர்தியின் பிட்டோ குழாய்கள் பனித்துகள்களால் சிறிது நேரம் அடைபட்டன. வேக அளவுகள் முரண்பட, தானியங்கி செலுத்தி விலகியது. குழாய்கள் விரைவில் சீரடைந்தும், மூக்கு உயர்த்தப்பட்டதால் தூக்குவிசையை இழந்த வானூர்தி மீட்கப்படவில்லை. 228 பேர் இறந்தனர்.

குன்னூர், 2021

2021 ஆம் ஆண்டு டிசம்பர் 8 அன்று முற்பகல் 11.48 மணிக்குச் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட விமானப்படையின் எம்.ஐ-17வி5 உலங்கூர்தி, 12.15 மணிக்கு இறங்கவேண்டியிருந்தது. 12.08 மணியளவில் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே அது மலைச்சரிவில் வீழ்ந்ததில் முப்படைத் தலைமைத் தளபதி விபின் இராவத், அவர் மனைவி உட்பட 13 பேர் அன்றே இறந்தனர். மற்றொருவர் டிசம்பர் 15 அன்று இறந்தார். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் உலங்கூர்தி மேகத்தினுள் நுழைந்தது எனவும், விமானிக்கு ஏற்பட்ட இடவுணர்வு மயக்கத்தால் நிலத்தில் மோதியது எனவும் 2022 ஜனவரியில் வெளியான முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு கூறியது. எந்திரக் கோளாறும் நாசவேலையும் இல்லை என அறியப்பட்டது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நிலைக்குழு அறிக்கையில் இவ்விபத்து வானூர்திக் குழுவினரின் மனிதப் பிழை என வகைப்படுத்தப்பட்டது.

வானூர்தியில் கோளாறு இன்றி, விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே நிலத்தில் மோதும் இவ்வகை விபத்து மலைப்பகுதிகளில் தொடர்ந்து காணப்படுவது. நிலத்தைப் பார்த்துப் பறப்பதிலிருந்து கருவியைப் பார்த்துப் பறப்பதற்கு மாறும் சில நொடிகளே இதில் மிகவும் ஆபத்தானவை. பள்ளத்தாக்கில் அந்நொடிகளுக்குரிய இடமும் குறைவு.

பயிற்சி

கருவிப் பறத்தல் தனிப் பயிற்சியும் தனித் தகுதிச் சான்றும் உடைய துறையாகும். மாணவ விமானி வெளியே பார்க்க இயலாதபடி கண்மறைப்பு அணிந்து, பயிற்றுநர் உடனிருக்க, கருவிகளை மட்டும் கொண்டு பறக்கப் பழகுகிறார். பயிற்றுநர் சில கருவிகளை வேண்டுமென்றே மூடிவிட்டு, மீதமுள்ளவற்றைக் கொண்டு பறக்கச் சொல்வதும் உண்டு. பறத்தல் பாவிப்பிகளில், நிலத்தில் இருந்தபடியே கருவிப் பழுதுகள் பயிலப்படுகின்றன. இந்திய விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி 1948 இல் அம்பாலாவில் தொடங்கப்பட்டு, 1954 இல் சென்னையை அடுத்த தாம்பரத்துக்கு மாற்றப்பட்டது.

இப்பயிற்சிகளின் நோக்கம் இரண்டு: உடல் உணர்வு கருவியுடன் முரண்படும்போது கருவியை நம்புதல், ஒரு கருவி பிற கருவிகளுடன் முரண்படும்போது அந்த ஒன்றை நம்பாதிருத்தல்.